கீழ்க்கட்டளை கிரவுண்டும் ஜெர்மன் துப்பாக்கியும்

"இன்னா சார், இன்னிக்கும் எண்பத்து நாலுதானா?"

கிபாயத்துல்லா இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்? டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாம்பசிவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவர் கிளாஸைக் கீழே வைத்தால் பேச்சு நீளப்போகிறது என்று அர்த்தம்.

எண்பத்து நாலு என்றால் ஐநூற்று எண்பத்து நாலு. ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையைக் குப்புறப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். அறுபது தோட்டா, ஒன்றுக்குப் பத்து வீதம் அறுநூறு. ஓரளவு சுடத் தெரிந்தவன் எவனும் ஐநூறைத் தாண்டிவிடுவான் என்பதால் அந்த ஐநூறை யாரும் வாயால் சொல்வதில்லை. நடு வட்டத்தில் விழுந்தால் டென். சற்றே தள்ளி விழுந்தால் நைன். மாநில அணியில் இடம் வேண்டுமென்றால் தொண்ணூற்றுக்கு மேல் போக வேண்டும். சாம்பசிவனின் மார்க்கோ கூடவும் மாட்டேன், குறையவும் மாட்டேன் என்று வருஷக்கணக்காக எண்பத்து நாலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அவர் தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். கிபாயத்துல்லாவுக்குக் குரோம்பேட்டையில் தோல் மண்டி. பல்லாவரத்திலிருந்து திருநீர்மலைக்குப் போகிற வழியில், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்றில் அவர்களுடைய ரைஃபிள் கிளப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் அங்கே அடுத்தடுத்த பாயில் படுத்துச் சுடுவார்கள். பதினைந்து வருஷப் பழக்கம். மண்டியில் உட்கார்ந்தால் கிபாயத்துல்லாவிடம் எல்லோரும் தோலின் விலையைத்தான் பேசுவார்கள். வீட்டுக்குப் போனால் கல்யாண வயதில் நிற்கும் மகள் சாஜிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. எந்த லாப நஷ்டமும் இல்லாமல் அவர் பேசுகிற ஒரே ஆள் சாம்பசிவன்தான். அதனால் அந்த ஞாயிறுகள் அவருக்கு உயிர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சாம்பசிவனிடமும்தான்.

மார்க்கிலும் இரண்டு பேரும் ஒரே தராசுத் தட்டு. ஒரு வாரம் இவர் ஒன்று கூட, மறு வாரம் அவர் ஒன்று கூட. கிபாயத்துல்லாவின் துப்பாக்கி யாரோ ஒரு எஸ்டேட் துரை வைத்திருந்து கைமாறிக் கைமாறி வந்த பழசு. கன்னம் படுகிற இடத்தில் மரம் தேய்ந்துபோய், தன் மண்டித் தோலிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தார். சாம்பசிவன் சுட்டுக்கொண்டிருந்தது கிளப் துப்பாக்கி. அதைப் பற்றி அவர் சொல்லாத குறை கிடையாது. விசை முரண்டு பிடிக்கிறது, குழல் தேய்ந்துவிட்டது, குறி பார்க்கிற சைட் ஆடுகிறது. "நல்ல துப்பாக்கி மட்டும் கையில இருந்தா, பாய், நான் தொண்ணூத்தி அஞ்சு" என்பார். கிபாயத்துல்லா தலையாட்டுவார். ஒரு டீ, ஒரு தலையாட்டல், அதோடு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முடியவில்லை. எண்பத்தேழாம் வருஷம் மனிதர் ஜெர்மன் துப்பாக்கியை வாங்கியேவிட்டார்.

பாயிண்ட் இருபத்திரண்டு என்கிற, சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி அது. புலியை விடுங்கள், ஒரு நல்ல காட்டுப்பன்றியைக்கூட அதை வைத்து மிரட்ட முடியாது. அட்டையில் ஓட்டை போடுவது ஒன்றைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லாத அந்தச் சாமானுக்காக அவர் மனைவி சாவித்ரி, தன் அப்பா எழுதிவைத்த கீழ்க்கட்டளை வீட்டு மனையை, அந்த ஒரு கிரவுண்டை, விற்கக் கையெழுத்துப் போட்டாள். "உங்களுக்கு அது இருந்தாத்தான் முடியும்னா வாங்கிக்குங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தால் சாம்பசிவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, துப்பாக்கி அழகுதான். முதல் ஞாயிறு கிளப்பே சுற்றி நின்று பார்த்தது. சாம்பசிவன் படுத்தார், சுட்டார். எண்பத்து நாலு.

புதுசு, கை பழகவில்லை என்றார்கள். கை பழகியது. எண்பத்து நாலு. நம்மூர்த் தோட்டா அதற்கு ஒத்துவரவில்லை என்று வெளிநாட்டுத் தோட்டாவுக்கு ஆளாய்ப் பறந்து வாங்கினார். எண்பத்து மூன்று. கண்ணாடியை மாற்றினார். சுடும்போது போட்டுக்கொள்ளும் கனத்த கோட்டைப் பிரித்துத் தைத்தார். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தார். இனிக் குறை சொல்ல உலகத்தில் எதுவும் பாக்கி இல்லை என்கிற இடத்துக்கு இரண்டே வருஷத்தில் வந்து சேர்ந்தார். அந்தக் கிரவுண்டில் வாங்கியவன் பச்சை பால்கனி வைத்து வீடு கட்டிவிட்டான். சாம்பசிவன் கீழ்க்கட்டளை வழியாக மேடவாக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

இப்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாய், அடுத்த ஞாயிறு நீங்க என் துப்பாக்கியில சுடணும். முழு அறுபது."

"எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்? என் கிழட்டுத் துப்பாக்கி போதும்."

"கேளுங்க. நீங்களும் நானும் ஒரே மார்க். நீங்களும் அதுல எண்பத்து நாலு, எண்பத்தஞ்சுன்னு நின்னா, துப்பாக்கி சுத்த ஏமாத்து. கோயமுத்தூர்ல ஒரு மில்லுக்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார், அவர் தலையில கட்டிட்டு நான் பழையபடி கிளப் துப்பாக்கிக்கே வந்துடறேன். அதுல நீங்க தொண்ணூறைத் தாண்டினீங்கன்னா, குறை எங்கிட்ட. அதோட சுடறதை விட்டுடறேன்."

"இன்னா சார் பேச்சு இது! வுடறதாவது?"

"விட்டுடறேன், பாய்."

கிபாயத்துல்லாவுக்கு அவரைத் தெரியும். சாம்பசிவன் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள் காலையில் சிகரெட் வேண்டாம் என்றார், அன்றிலிருந்து தொடவில்லை. சொந்தத் தம்பியோடு பேச்சில்லை என்றார். தம்பி மகள் கல்யாணத்தில்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரம் முழுக்க மண்டியில் அவருக்கு வேலை ஓடவில்லை. நல்ல தோலையும் மட்டத் தோலையும் ஒரே அடுக்கில் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் பேச்சு வாங்கினார். அந்தத் துப்பாக்கி எப்படிச் சுடும் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அந்த ஆசை வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. சாவித்ரியும் வந்திருந்தாள். சுடுகிற இடமான ரேஞ்சுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளப் செயலாளர் ஞானையா அட்டைகளை மாட்டினார். அட்டைக்கு ஐந்து தோட்டா வீதம் பன்னிரண்டு அட்டை. சாம்பசிவன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கிபாயத்துல்லாவின் கையில் கொடுத்தார்.

"நான் பார்க்க மாட்டேன், பாய். முடிஞ்சப்புறம் அட்டையைப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மார்க்கில் சேராத சோதனைத் தோட்டாக்களை முதலில் சுட வேண்டும். கிபாயத்துல்லா துப்பாக்கியின் தோல் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தார். விசையில் விரலை வைத்தார். அமுக்க வேண்டும் என்று நினைத்தார், தோட்டா போய்விட்டது. தன் பழைய துப்பாக்கியில் விசையோடு மல்லுக்கட்டியே அவருக்குப் பழக்கம். இதுவோ மனசில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனது. ஐந்து சுட்டுவிட்டு டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நடுவில் ஒரே ஓட்டை. மீதி நாலு எங்கே என்று ஒரு கணம் திகைத்துப்போனார். ஐந்தும் அதற்குள்தான் போயிருந்தன.

யா அல்லா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷம் தன் கை இவ்வளவு நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அது அவருக்கே தெரியவில்லை! அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தார். மரத்தடியில் சாம்பசிவனின் முதுகு தெரிந்தது. கழுத்துப் பக்கம் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

தொண்ணூற்று ஐந்து கையில் இருக்கிறது. சுட்டால் அந்த முதுகை இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடியாது.

மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. அது போகும்வரை யோசித்தார். பிறகு முடிவு செய்துவிட்டார். எண்பத்தஞ்சு. சாம்பசிவனின் மார்க்குக்கு ஒன்று கூட. சரியாக எண்பத்து நாலென்றால் சந்தேகம் வரும். துப்பாக்கி போகட்டும், மில்லுக்காரன் தலையில் விடியட்டும். சாம்பசிவன் கிளப் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டே பக்கத்துப் பாயில் படுத்திருந்தால் போதும்.

சைட்டைத் திருகிக் குறியை மாற்றலாம். ஆனால் திருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், சாம்பசிவனுக்குப் பாம்புக் காது. அதனால் கண்ணாலேயே செய்தார். நாலு தோட்டாவை நடுவில் விட்டார். ஒன்றை மட்டும், வலது பக்கம் கொஞ்சம் கீழே, வேண்டுமென்றே தள்ளிப் பிடித்து விட்டார். அட்டைக்கு ஒன்று, சில அட்டைகளில் இரண்டு. எங்கே போ என்றாரோ அங்கே போனது. பொய் சொல்லுகிறோம் என்கிற உறுத்தலே இல்லாமல், மனக்கணக்கு ஒன்றிலேயே புத்தியை வைத்துச் சுட்டு முடித்தார். எழுந்திருக்கும்போது, சந்தையில் சாமர்த்தியமாக ஒரு பேரத்தை முடித்த திருப்தி அவருக்கு இருந்தது.

ஞானையா அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்து மார்க்கைக் கூட்டினார். "பாய்க்கு எண்பத்தஞ்சு" என்றார்.

சாம்பசிவன் எழுந்துவிட்டார். "பார்த்தீங்களா! எண்பத்தஞ்சு! நான் சொல்லலே? இத்தனை நாளா மண்டையைப் போட்டு உடைச்சிக்கிட்டேனே, துப்பாக்கிதான் ஏமாத்து!" முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. கிபாயத்துல்லாவுக்கு மனசு நிறைந்துபோனது. அப்புறம் சாம்பசிவன் மனைவியைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, உறைமேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் கிரவுண்டு போனது போனதுதானா என்று அவள் கேட்கவில்லை. சாம்பசிவனின் சிரிப்பு தானாகவே நின்றது.

கைக்கு வேறு வேலை வேண்டும் போல அட்டைகளை வாங்கினார். வாங்கியதும் பழக்க தோஷத்தில் அடுக்க ஆரம்பித்தார்.

அது அவருடைய வழக்கம். சுட்டு முடித்ததும் பன்னிரண்டு அட்டைகளையும் மூலைக்கு மூலை சரியாகச் சேர்த்து அடுக்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். எல்லா அட்டையிலும் நடுவில் ஓட்டை இருப்பதால் நடுவில் வெளிச்சம் வரும். சுற்றிலும் இருட்டாக இருக்கும். ஏனென்றால் நைன் ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வோர் இடத்தில் விழுந்திருக்கும், ஓட்டைமேல் ஓட்டை வராது. "குழல் சரியில்லேன்னாலும் சிதறும், ஆள் சரியில்லேன்னாலும் சிதறும். எதுன்னு மட்டும் அட்டை சொல்லித் தொலைக்காது" என்று இந்த இரண்டு வருஷமாக அவர் புலம்பாத ஞாயிறு இல்லை. கிபாயத்துல்லா அதைக் காது புளிக்கக் கேட்டவர். அன்றைக்கு, மார்க்கை எண்ணிய மும்முரத்தில், அவருக்கு அது ஞாபகம் வரவே இல்லை.

சாம்பசிவன் அட்டைகளைத் தூக்கினார். அவர் முகத்தில் நடு ஓட்டையின் வெளிச்சம் ஒரு பொட்டாக விழுந்தது. அதற்குப் பக்கத்தில், சற்றுக் கீழே, இன்னொரு சின்னப் பொட்டு விழுந்தது.

கிபாயத்துல்லா அந்த இரண்டாவது பொட்டைப் பார்த்தார். பன்னிரண்டு அட்டையிலும் நைனை ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம்! நாலு பக்கமும் மாற்றிப் போட்டிருந்தால் என்ன கேடு? அந்தத் துப்பாக்கி சொன்னபடியெல்லாம் கேட்டதே, அதில் வந்த வினை. அவருடைய கிழட்டுத் துப்பாக்கியில் இந்தப் பொய்யைச் சொல்லியே இருக்க முடியாது.

சாம்பசிவன் வெகுநேரம் அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு அட்டைகளை மெதுவாக இறக்கினார்.

"இன்னும் ஒரு அட்டை மாட்டுங்க, ஞானையா" என்றார். "பாய், படுங்க. இப்ப நெஜமா சுடுங்க."

"சார், நான் வந்து..."

"அஞ்சு தோட்டா. சுடுங்க."

கிபாயத்துல்லா படுத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு குறி மங்கியது. துடைத்துக்கொண்டு சுட்டார். சாம்பசிவன் டெலஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"சாவித்ரி, இங்க வந்து பாரு. இதுதான் உன் கீழ்க்கட்டளை கிரவுண்டு."

அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "ஒரே ஒரு ஓட்டைதானே தெரியுது?"

"அஞ்சும் அதுக்குள்ளதான் போயிருக்கு."

"அப்ப துப்பாக்கி நல்லதுதானா?"

"ரொம்ப நல்லது."

"அப்பாடா" என்றாள் சாவித்ரி. "உங்களை எவனோ ஏமாத்திட்டான்னு ரெண்டு வருஷமா எனக்கு அடிச்சிக்குது. ஏமாத்தலே இல்ல? அது போதும்." நிஜமாகவே அவளுக்குப் பாரம் இறங்கியது. முகத்திலேயே தெரிந்தது.

கிபாயத்துல்லா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. சாம்பசிவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்க தொண்ணூத்தி அஞ்சு போட்டிருந்தா நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன், பாய். தோத்தா தோத்துட்டுப் போறேன். பாவம்னு நெனச்சிட்டீங்க பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலே."

"நீங்க வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன் சார். வேற ஒண்ணும் இல்ல."

சாம்பசிவன் எழுந்துகொண்டார். துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டார். மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சில ஞாயிறுகள் அவர் வரவில்லை. கிபாயத்துல்லா வந்தார், பக்கத்துப் பாய் போடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே சுட்டார், எழுபதுகளில் மார்க் வாங்கினார். எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டால், சார் சீட்டில் இல்லை என்றார்கள். மானத்தைவிட்டு வீட்டுக்கே போய்விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிறு காலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சாம்பசிவன் துப்பாக்கியோடு வந்து இறங்கினார். சுடும்போது போடும் கோட்டு மட்டும் கொண்டுவரவில்லை.

"நான் சுட மாட்டேன். சொன்னா சொன்னதுதான்" என்றார். "சும்மா தூங்கறதுக்கா கிரவுண்டை வித்தோம்? நீங்க சுடுங்க. நான் டெலஸ்கோப்ல உட்கார்றேன்."

துப்பாக்கி அவர் பேரில், லைசென்ஸ் அவர் பேரில். ரேஞ்சுக்குள் சுடுவது இவர். அப்படியே வழக்கமாகிவிட்டது. கிபாயத்துல்லாவின் மார்க் தொண்ணூற்று மூன்று, நாலு என்று ஏறியது. சாம்பசிவன் பின்னால் உட்கார்ந்து, காற்று திரும்புவதைச் சொல்லுவார், தோட்டாவை எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் டீ வாங்கிக் கொடுப்பார். எல்லாம் பழையபடி. ஒன்று மட்டும் புதுசு. எப்போதாவது ஒரு நைன் விழுந்தால், டெலஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி இவரைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

தொண்ணூறாம் வருஷம் மாநிலப் போட்டியில் கிபாயத்துல்லா தன் ஆயுளிலேயே மிக நன்றாகச் சுட்டார். கடைசித் தோட்டா மட்டும் பாக்கி. அது டென் விழுந்தால் அணியில் இடம். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு ஆசை வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தத் துடிப்பு தோல் வாரில் ஏறித் துப்பாக்கியையே அசைப்பது தெரிந்தது. பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை, விரல் முந்திக்கொண்டது.

நைன்.

எழுந்து வந்தார். சாம்பசிவன் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். இத்தனை மாதமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

"பாய், இது தானா விழுந்ததா? இல்லே, எனக்காகப் போட்டதா?"

"தானா விழுந்தது சார். அல்லா மேல ஆணை. அணியில போவணும்னு எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா?"

"சரி பாய்" என்றார் சாம்பசிவன். சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கிபாயத்துல்லாவுக்கு அந்தச் 'சரி' போதவில்லை. நடுவர்கள் மார்க் போட்டு முடித்து அட்டைகளைத் திருப்பிக் கொடுத்ததும், தானே ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தார். மூலைக்கு மூலை சேர்த்து அடுக்கினார். "பாருங்க சார், நீங்களே பாருங்க" என்று வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான். அறுபதில் நாலைந்து நைன்தான் விழுந்திருந்தது. வேண்டுமென்றே ஒரே இடத்தில் போட்டிருந்தாலும் மற்ற அட்டைகள் மறைத்துவிடும்; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"சரின்னுதானே சொன்னேன், பாய். வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார் சாம்பசிவன்.